கயிறு பிடித்த மச்சினன்

என் ஆள் செத்துப்போனபோது நான் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். போனில் மணி அடித்தது. கையைக் கழுவிவிட்டு எடுத்துப் பார்த்தால், அவன் கடலுக்கடியில் கிடக்கிறான். கடைசிக் குமிழியும் மேலே போய்விட்டது, கண் திறந்தபடி இருந்தது என்று எழுதியிருந்தது. அதை நான் எழுதவில்லை. வேறொருத்தர் எழுதியிருந்தார்.

இது என்ன சங்கதி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் நடக்கிற விளையாட்டு இது. ரோல்பிளே என்கிறார்கள். ஒரு குரூப்பில் ஆளுக்கொரு வேஷம். மேடை கிடையாது, முகம் தெரியாது, எழுத்து மட்டும்தான். ராஜா காலத்தில் ஒரு கடற்கரைப் பட்டணம் இருந்ததாக வைத்துக்கொண்டு, ஒருத்தர் சுங்கக்காரராக எழுதுவார், ஒருத்தர் கப்பல்காரராக எழுதுவார். அவர் ஆள் பேசினால் அடுத்தவர் தன் ஆளின் பதிலை எழுத வேண்டும். கதை எங்கே போகும் என்று எழுதுகிற யாருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

நானாக இதில் சேரவில்லை. என் தங்கச்சி மகள் லீவுக்கு எங்கள் ஊரான திரேஸ்புரம் வந்திருந்தபோது அவள் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. என் போனை வாங்கி இந்தக் குரூப்பில் சேர்ந்து, முத்துக்குளிக்கிறவன் ஒருத்தனை உண்டாக்கினாள். நடுவயசு, ஒரு காது கேட்காது, யாருக்கும் பயப்பட மாட்டான் என்று எழுதி வைத்தாள். பிறகு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது மறந்தே போயிற்று. அவன் மட்டும் என் போனில் நின்றுகொண்டிருந்தான்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். வாசிப்பேன், எழுத்துக் கூட்டி அடிப்பேன். ஆனால் பேச வராது. கோயிலில் எப்போதும் கடைசி வரிசை. கடையில் அண்ணாச்சி ‘என்ன வேணும்’ என்று கேட்டால் நாலு பேர் நிற்கிறார்களே என்று கையால் காட்டுவேன். அப்படிப்பட்டவள் அந்தக் குரூப்பை மாசக்கணக்கில் சும்மா வாசித்துக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் கதையில் சுங்கக்காரன் மீன்காரி ஒருத்தியின் கூடையைக் கவிழ்த்தான். ‘முத்துக்குளிக்கிறவர் பக்கத்துலதான நிக்கிறார், அவர் என்ன செஞ்சார்?’ என்று யாரோ கேட்டார்கள்.  ‘அவன் சுங்கக்காரன் கையைப் பிடித்து முறுக்கினான்’ என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

குரூப்பை நடத்துகிறவர் காயல்பட்டினத்துப் பெண். எல்லாரும் லாத்தா என்போம், அவர்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயசில் எனக்கு மகளாக இருப்பார். என்னை ஆம்பளை என்றே நினைத்திருந்தார். அவர் உடனே எழுதினார்: ‘மாமா, முறுக்கப் போனான்னு எழுதுங்க. முறுக்குப்பட்டுச்சா இல்லையான்னு அந்தக் கைக்காரர்தான் சொல்லணும்.’

இதுதான் அங்கே பெரிய சட்டம். கை ஓங்குவது உன் பாடு. அடி விழுந்ததா, எங்கே விழுந்தது என்பது வாங்குகிறவர் பாடு. சாவு என்றால் இன்னும் கண்டிப்பு. ஒருத்தருடைய ஆளை அவர் சம்மதம் கேட்காமல் யாரும் கொல்லக்கூடாது. அடி வாங்குகிறவனைக் கேட்டுவிட்டா அடிப்பார்கள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. கேட்டால் யார்தான் வாங்கிக்கொள்வார்கள்? ஆனால் வாங்கிக்கொண்டார்கள். சுங்கக்காரராக எழுதியவர், ‘அவன் மணிக்கட்டு நொறுங்கியது’ என்று நான் நினைத்ததைவிட மோசமாகவே எழுதினார். அடி வாங்குகிறதில் மனுசருக்கு இவ்வளவு பிரியமா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. என் ஆள் சத்தம் போட்டான், கேள்வி கேட்டான், கூட்டத்தின் நடுவில் போய் நின்றான்.

அவனுக்கு ஒரு எதிரி வாய்த்தான். இளவட்டம், சொந்தப் படகு வைத்திருக்கிறவன். அவனை எழுதினவர் விளாத்திகுளத்துக்காரர், லாரி டிரைவர். துறைமுகத்தில் கரி ஏற்ற வரிசையில் லாரி நிற்கும்போதெல்லாம் எழுதுவார். வரிசை நீளமாக இருந்தால் சண்டையும் நீளமாக இருக்கும். என் ஆள் அவன் படகை விட்டு வேறு படகில் ஏறினான். அவன் என் ஆள் ஏறிய படகின் நங்கூரக் கயிற்றை இரவோடு இரவாக அறுத்தான். கதைக்குள் என்னை நாய் என்பார். கதைக்கு வெளியே பேசுவதற்கென்று இன்னொரு குரூப் இருந்தது, அதில் ‘அண்ணாச்சி சாப்ட்டாச்சா? இன்னைக்கு என்ன கொழம்பு?’ என்று கேட்பார். ஒரே விரலில் இரண்டையும் அடிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நான் ‘சாளைக் குழம்பு’ என்று மட்டும் பதில் போடுவேன்.

சண்டை ஒரு கட்டத்தில் எனக்குச் சலித்தது. சமாதானம் பண்ணலாம் என்று தோன்றியது. அந்த இளவட்டத்துக்கு ஒரு அக்கா இருப்பதாக எப்போதோ எழுதியிருந்தார். என் ஆளுக்கு அவளைக் கட்டிவைக்கலாமா என்று கேட்டேன், அவரும் சரி என்றார். கல்யாணம் ஒரே வரியில் முடிந்தது. அடுத்து முத்துக்குளிப்புக் காலம் வந்தது. ‘என் ஆள் கடலில் இறங்குகிறான். கயிற்றை உங்கள் ஆள் கையில் கொடுக்கிறேன்’ என்று வெளிக் குரூப்பில் எழுதினேன். ‘நெசமாவா அண்ணாச்சி? சம்மதமா?’ என்று கேட்டார். கைகூப்புகிற படம் போட்டேன்.

எங்கள் கரையில் முத்துக் குளிக்கிறவன் கல் கட்டிய கயிற்றில் காலைக் கொடுத்து இறங்குவான், அடியில் போனதும் கல்லை விட்டுவிடுவான். அவன் உடம்போடு சேர்ந்த கயிறு படகில் இருக்கிறவன் கையில் இருக்கும். கீழிருந்து ஆட்டினால் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெண்சாதியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காளோ தங்கச்சியோ தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள், பங்கு கேட்கிறவன் அவன். மச்சினனை நம்புவார்கள். எங்கள் அப்பா கயிற்றை எங்கள் மாமாதான் பிடித்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வருஷத்திலும் அவர்தான் பிடித்தார்.

அதனால் எதிரியின் கையில் கயிற்றைக் கொடுத்ததும் சண்டை தீர்ந்தது என்றே நான் நிம்மதியாக மீன் அரியப் போனேன். அவர் ஆள் கயிற்றை விட்டுவிட்டான். என் ஆள் செத்துப்போனான்.

குரூப்பில் ஒரே அமளி. ‘மச்சானைக் கொன்னவன் வெளங்குவானா’ என்றார் ஒருத்தர். ‘கதையில ஒரு சாவு விழுந்தா என்ன, நெசத்துல உங்க பாட்டியா செத்துப்போச்சு?’ என்றார் இன்னொருத்தர். லாத்தா எல்லாரையும் வாயடைக்கச் சொல்லிவிட்டு எனக்குத் தனியாக எழுதினார்.

‘மாமா, அவர் விட்டான்னு எழுதலாம், செத்தான்னு எழுத அவருக்கு உரிமை இல்ல. இதுக்கு முன்னாலயும் அவர் இன்னொருத்தரோட ஆளுக்குக் காலை உடைச்சுட்டார், கேக்காம. இது ரெண்டாவது. நீங்க சம்மதிக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாவை அழிச்சிடுறேன், அவரையும் வெளிய எடுத்துடுறேன். நாளைக்குச் சாயங்காலம் அசர் தொழுதுட்டு முடிவு பண்ணுவோம், இன்ஷா அல்லாஹ்.’

என் ஆள் பிழைக்கிறானா, அந்த டிரைவர் வெளியே போகிறாரா, இரண்டும் என் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. என் வீட்டில் எதுவும் என் வார்த்தையில் நின்றதில்லை.

அவன் போனால் நானும் போனேன் என்றுதான் முதலில் பட்டது. அவன் இல்லாமல் அந்தக் குரூப்பில் எனக்கு என்ன வாய் இருக்கிறது? அழித்துவிடுங்கள் என்று அடிக்கவும் செய்தேன். அனுப்பவில்லை. இவர் ஏன் இப்படிச் செய்தார் என்று தெரியாமல் அனுப்ப மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் டிரைவரே கூப்பிட்டார். எழுதி எழுதியே பழகினவர்கள், குரலில் பேசினதே இல்லை. மணி அடித்து ஓயும் நேரத்தில் எடுத்துவிட்டேன்.

“வணக்கங்க. அண்ணாச்சி இருக்காங்களா?”

“எந்த அண்ணாச்சி?”

“இந்தப் போனு வச்சிருக்கிற அண்ணாச்சி. குளிச்சிட்டு இருந்தாங்கன்னா அப்புறமாக் கூப்பிடுதேன்.”

“நான்தான்,” என்றேன்.

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

“எது, முத்துக்குளிக்கிறவரு?”

“ஆமா.”

“அம்மா, அப்ப நான் ஒரு பொம்பளையையா கொன்னுட்டேன்?”

“ஆம்பளையத்தான கொன்னீங்க,” என்றேன். எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார். சிரித்த மனுசரிடம் பேசுவது கொஞ்சம் சுலபம்.

“ஏன் கயித்த விட்டீங்க?” என்று கேட்டேன்.

“நீங்கதானம்மா குடுத்தீங்க. பகையாளி கையில ஒருத்தன் தன் உசுரைக் குடுத்தா என்ன அர்த்தம்? இந்தா, தீத்துக்கோ, சண்டை முடியட்டும்னு அர்த்தம். இவ்வளவு பெரிய மனுசனான்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நெசமாவா, சம்மதமான்னு கேட்டேன். நீங்க கும்பிட்டீங்க. ஸ்டியரிங்ல சாஞ்சு அழுதுட்டுதான் எழுதுனேன். முன்னாடி வண்டி நகந்ததுகூடத் தெரியல, பின்னாடி இருக்கிறவன் எங்கம்மாவையெல்லாம் இழுத்துட்டான்.”

மச்சினன் கயிறு என்றால் எங்கள் பக்கம் என்ன என்று சொன்னேன். திக்கித் திணறித்தான் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“வாரா வாரம் இந்தத் துறைமுகத்துக்குத்தான் வாரேன். இதை ஒருத்தனும் சொல்லலையே,” என்றார். “எங்க பக்கம் கெணத்துல தூர்வார ஆள் எறங்கும். மேல கயித்த எவன் கையில குடுப்போம்? எவனுக்குக் கை உரமோ அவன் பிடிப்பான். சொந்தம் பந்தமெல்லாம் பாக்க மாட்டோம். மச்சினன் நோஞ்சானா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

இந்தக் கேள்வியை நான் யோசித்ததே இல்லை. எங்கள் மாமாவும் ஒல்லிதான். “தெரியலையே. எல்லாருக்கும் உரமான மச்சினன் அமைஞ்சிருப்பான் போல,” என்றேன்.

“அது எப்படிம்மா? எனக்கு ஒருத்தன் இருக்கான். தண்ணி வாளிகூடத் தூக்க மாட்டான்.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. “என்னை வெளிய அனுப்பிருவாங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். “அனுப்புனா சரிதான். செத்தான்னு நான் எழுதியிருக்கக் கூடாது. உணர்ச்சியில கை போயிருச்சு. ஆனா வண்டிக்குள்ள இத்தனை நேரம் வேற என்னத்த செய்யன்னு தெரியல.”

“உங்க ஆளு இப்ப என்ன செய்யப் போறான்?” என்று கேட்டேன்.

“எப்பம்மா?”

“கயித்த விட்டாச்சு. படகு கரைக்கு வரும்லா. வந்து என்ன செய்வான்?”

 “அத நான் யோசிக்கல,” என்றார். வரிசை நகர்ந்துவிட்டது, போனை வைத்தார்.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. கயிற்றை விட்டால் ஆள் செத்துத்தான் ஆக வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பையன், பையன் என்ன, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், சங்கு குளிக்கப் போகிறவன். இப்போது காற்று எந்திரம் படகில் ஓடும், அதிலிருந்து வருகிற டியூபை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். வாசலில் வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, கீழ இருக்கும்போது மேல உள்ளவன் கயித்த விட்டுட்டா என்ன ஆகும்?”

“எந்தக் கயிறு பெரியம்மா? யாரு விட்டா?”

“சும்மா கேக்கேன். அந்தக் காலத்து மாதிரி, மூச்சு பிடிச்சு எறங்குதான்னு வச்சிக்கோ.”

“என்ன ஆகும், பையப் போட்டுட்டுக் காலை ஒரு உதை உதைச்சா மேல வந்துருவான். வந்து விட்டவன் செவிட்டுல ஒண்ணு வைப்பான்.”

“அப்ப சாவ மாட்டானா?”

“உங்களுக்கு அவன் சாவணுமா, பொழைக்கணுமா? அதச் சொல்லுங்க மொதல்ல.” அவன் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள்.

“ரெண்டும் எப்படின்னு கேக்கேன்.”

அவன் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தான். “கயித்தப் பிடிச்சது யாரு?”

“மச்சினன்.”

“அப்படின்னா செத்தான். வேற எவனும் பிடிச்சிருந்தா, ஒரு தடவை ஆட்டிப் பாப்பான், இழுக்கலேன்னா தானா ஏறிருவான். மச்சினன்னா நம்பிக்கிட்டு இருப்பான் பாத்தீங்களா. கவனிக்கலபோல, இப்ப இழுத்துருவான்னு இன்னொரு வாட்டி ஆட்டுவான். அந்த ஒரு வாட்டிக்குத்தான் மூச்சு இருந்திருக்கும்.”

“உனக்கு இப்ப டியூபுகிட்ட யாரு நிக்கா?”

“எம் மச்சினன்தான். எப்பவும் போனப் பாத்துக்கிட்டு நிப்பான்.”

“எந் தம்பியச் சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காது,” என்றாள் உள்ளேயிருந்தவள்.

“இந்தா, கேட்டீங்களா,” என்று மறுபடி தைக்கத் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அழிக்கச் சொன்னால் என் ஆள் உயிரோடு இருப்பான். ஆனால் அந்த டிரைவர் அழுதுகொண்டே விட்ட கயிறு ஒன்றுமில்லாமல் போகும். சம்மதம் என்றால் அவர் எழுதியபடி என் ஆள் சாவான், ஆனால் அவர் எழுதினது என் ஆளின் சாவு இல்லை. பெரிய மனசோடு உயிரைக் கொடுத்த எவனோ ஒருத்தனின் சாவு. என் ஆள் அப்படிக் கொடுக்கவில்லை. நம்பினான், அவ்வளவுதான். இரண்டில் எது நியாயம் என்று பார்த்தேன். இரண்டுமே ஒருத்தர் கையை வெட்டுகிற நியாயமாக இருந்தது.

லாத்தாவுக்கு எழுதினேன். நீளமாக எழுதினதால் தப்பும் தவறுமாக வந்தது. கயிற்றை விட்டான் என்பது வரைக்கும் இருக்கட்டும், அது அவர் பாடு. அதற்குக் கீழே உள்ளதை அழித்துவிடுங்கள், அதை நான் எழுதுகிறேன். என் ஆள் சாகத்தான் போகிறான், என் கையால் சாகட்டும். நான் கும்பிட்டதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், அவர் கேட்காமல் செய்யவில்லை, அவரை அனுப்ப வேண்டாம்.

‘மாமா, நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா? செத்தா செத்ததுதான். பிறகு கனவுல வந்தான், கரையில ஒதுங்கினான்னு கொண்டுவர விடமாட்டேன்.’

‘தெரியும்’ என்று போட்டேன்.

அன்று மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு எழுதினேன். அவன் பையை நிரப்பினான். கயிற்றை ஆட்டினான். மேலே வெளிச்சம் அசைந்தது, கயிறு அசையவில்லை. என் மச்சினன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தான். இன்னொரு முறை ஆட்டினான். கயிறு முழுவதும் அவன்மேல் மெதுவாக இறங்கி வந்தது. இவ்வளவுதான் எழுதினேன். செத்தான் என்கிற சொல்லைப் போட வேண்டியிருக்கவில்லை. எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, எழுந்து போய்க் குழம்பை இறக்கி வைத்தேன். ஒருத்தனைக் கொன்றுவிட்டு மீன் குழம்பை இறக்கி வைக்கிறேனே, நான் எப்படிப்பட்டவள் என்று என்னையே வேடிக்கை பார்த்தேன்.

 குரூப்பில் சுங்கக்காரர், ‘துக்கத்துக்காக நான் பட்டணத்துக் கதவைச் சாத்துகிறேன்’ என்று தன் ஆளை எழுதினார். டிரைவர் வெளிக் குரூப்பில், ‘அண்ணாச்சிக்கு என் வணக்கம்’ என்று மட்டும் போட்டார். நான் யார் என்று தெரிந்தும் அண்ணாச்சி என்றே எழுதினார். நான் பொம்பளை என்று மற்றவர்களிடம் சொல்லவா என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை.

அப்போதுதான் அந்த அக்காளை நினைத்தேன். என் ஆளுக்குக் கட்டிவைத்தோமே, அவள். நாங்கள் இரண்டு பேரும் சமாதானத்துக்கு அவளை எடுத்தோம், கல்யாணத்தை ஒரு வரியில் முடித்தோம். அவள் ஒரு வார்த்தை பேசினதாக நானும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. இப்போது அவள் புருஷனும் இல்லை, கயிற்றை விட்டவன் அவள் கூடப்பிறந்தவன். அவள் கரையில் எங்கேயோ நிற்கத்தானே செய்வாள்?

லாத்தாவிடம் கேட்டேன். ‘அந்த அக்காவை யாராவது எழுதுகிறார்களா?’

‘யாரும் இல்ல மாமா. ஏன், பொம்பளை வேஷம் கட்டப் போறீங்களா?’

‘கட்டிப் பார்க்கேன்.’

‘கட்டுங்க, கட்டுங்க. பொம்பளை பேச்சு உங்களுக்கு வருதான்னு பாப்போம்,’ என்று சிரிக்கிற படம் போட்டார்.

டிரைவரிடம் முறைப்படி கேட்டேன், அவருடைய ஆளின் அக்காதானே. ‘எடுத்துக்கங்க’ என்றார். பிறகு, ‘அவ என்னை அடிப்பாளா?’ என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அவள் ஓங்கி அறைவாளா, மண்ணை வாரித் தூற்றுவாளா, ஊரைக் கூட்டுவாளா என்று சாயங்காலம் வரை மனசுக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதற்கும் அவள் அசையவில்லை. என் ஆள் எப்போதும் சத்தம் போட்டு எழுதவைத்தான். இவளுக்குச் சத்தம் வரவில்லை.

படகு கரைக்கு வந்தது என்று அவர் எழுதினார். தம்பி இறங்கினான், தலையைத் தூக்கவில்லை, கைகள் வெறுமையாக இருந்தன என்று எழுதினார். அடுத்தது என் முறை.

‘அவள் அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு, தம்பி, காலையிலேயே வெறும் வயிற்றோடு போனாயே, வா, சாப்பிடு என்றாள்.’

அனுப்பினேன். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று போனில் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. நான் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வெளிக் குரூப்பில் எழுதினார்.

‘அண்ணாச்சி, இதுக்கு எனக்கு என்ன எழுதன்னு தெரியல. அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். ஒரு நாள் தாங்க.’

‘மெதுவா எழுதுங்க. அவ எங்கயும் போகல,’ என்று போட்டேன்.